தண்டனையைத் தீர்மானிப்பது யார்?

குயிலாப்பாளையத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் விழுப்புரம் மாவட்டம் முடிந்து புதுச்சேரி தொடங்கிவிடும். எல்லைக்கு இருபுறமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஒன்றுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் ஒன்றுதான். ஆனால், தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரி 11 அன்று நிறைவேற்றிய திருத்த மசோதா, பாலியல் வல்லுறவுக்கான குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக உயர்த்த வகைசெய்தது. பாதிக்கப்பட்டவர் 17 வயதுச் சிறுமி என்றால் போக்சோ சட்டத்தின் 4ஆம் பிரிவு குறைந்தது 10 ஆண்டு என்கிறது. மாநிலத் திருத்தம் 14 என்கிறது. ஒரே செயல் இரு சட்டங்களின் கீழும் குற்றமானால் எது கடுமையான தண்டனையோ அதையே விதிக்க வேண்டும் என்கிறது போக்சோ 42ஆம் பிரிவு. அந்தத் திருத்தத்தின்படி கணக்குப் பார்த்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் 14 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. அந்தப் பக்கம் 10 ஆண்டு போதும். குற்றவாளியின் வயதோ, சூழ்நிலையோ, சாட்சியமோ இந்த நான்கு ஆண்டு வித்தியாசத்துக்குக் காரணமில்லை. சட்டத்தின்மேல் சட்டமாக அடுக்கிக்கொண்டே போனதன் விளைவு இது. நீதிபதிகளின் விருப்புரிமையை நம்ப முடியாது என்பதால்தான் குறைந்தபட்சத் தண்டனைகள் கொண்டுவரப்பட்டன. ஆனால், அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவியும்போது விருப்புரிமை ஒழிவதில்லை. காரணத்தை எழுதிவைத்தாக வேண்டிய நீதிமன்ற மேசையிலிருந்து, யாரும் காரணம் கேட்காத இடங்களுக்கு அது இடம்பெயர்ந்துவிடுகிறது.

இந்த அடுக்கு ஒரே நாளில் எழுந்ததல்ல. 2012 நவம்பர் 14 அன்று போக்சோ நடைமுறைக்கு வந்தபோது 4ஆம் பிரிவின் குறைந்தபட்சம் 7 ஆண்டு, கடுமையான தாக்குதலுக்கான 6ஆம் பிரிவின் குறைந்தபட்சம் 10 ஆண்டு. அதே சட்டம்தான் சம்மத வயதை 16இலிருந்து 18க்குக் கொண்டுபோனது. டெல்லி கூட்டு வல்லுறவுச் சம்பவத்துக்குப் பிறகு வந்த 2013 திருத்தம் இந்திய தண்டனைச் சட்டத்திலும் அந்த வயதை 18 ஆக்கியது. கூடவே, ‘போதுமான, சிறப்பான காரணங்களை’ எழுதிவைத்துவிட்டுக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை தரலாம் என்று 1983 முதல் இருந்த விதிவிலக்கையும் நீக்கியது. கத்துவா, உன்னாவ் வல்லுறவு வழக்குகள் எழுப்பிய கொந்தளிப்புக்குப் பின் 2018இல் வல்லுறவுக்கான குறைந்தபட்சம் 10 ஆண்டாகவும், 16 வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் 20 ஆண்டாகவும் ஏறியது. 2019 ஆகஸ்டில் போக்சோவும் அதைப் பின்தொடர்ந்தது: 4ஆம் பிரிவுக்கு 10 ஆண்டு, 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு, 6ஆம் பிரிவுக்கு 20 ஆண்டு முதல் மரண தண்டனைவரை. 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோதும் இந்த எண்கள் அப்படியே தொடர்ந்தன. இதற்கு இணையாகப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஓடுகிறது. குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு கொடூரத்துக்கு நாடு காட்டிய எதிர்வினை. எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கை எந்தத் திருத்தமும் போட்டுப்பார்க்கவில்லை.

அந்தக் கணக்கைக் கீழ்மட்டத்தில் போட்டுப் பார்க்கலாம். 19 வயது இளைஞரும் 17 வயதுப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போய்ச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் கருவுற்று அரசு மருத்துவமனைக்கு வருகிறார். ஆதாரில் வயதைப் பார்த்த மருத்துவர், போக்சோ 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே குற்றம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, 4ஆம் பிரிவு. குறைந்தது 10 ஆண்டு. ஆனால், உறவு ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது; 5ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவின்படி அது ‘கடுமையான’ தாக்குதல். பெண் கருவுற்றிருக்கிறார், இன்னோர் உட்பிரிவு. இளைஞர் தாய்மாமன் முறை என்றால், உறவினர் என்ற மூன்றாவது உட்பிரிவு. இவற்றில் ஒன்றே போதும். வழக்கு 6ஆம் பிரிவுக்குத் தாவி, 10 ஆண்டு 20 ஆகிவிடும். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சிதைக்கும் காமுகனை மனதில் வைத்து எழுதப்பட்ட ‘ஒருமுறைக்கு மேல்’ என்ற சொற்கள், சேர்ந்து வாழ்ந்த எந்த இளம் ஜோடிக்கும் அப்படியே பொருந்திவிடுகின்றன. ஏழு வயதுக் குழந்தையைச் சீரழித்தவனுக்கும் இந்த இளைஞருக்கும் சட்டம் வைத்திருக்கும் தரைமட்டம் ஒன்றே.

சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவியும்போது என்ன செய்வது என்று நீதிமன்றங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே செயல் பல குற்றங்களின் வரையறைக்குள் வந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு விதிக்கக்கூடியதற்கு மேல் தண்டிக்கக் கூடாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு சொன்னது. இப்போது அது நியாய சன்ஹிதாவின் 9ஆம் பிரிவு. பல குற்றங்களுக்கான சிறைவாசத்தை ஏககாலத்தில் அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிப்பதா என்பதை நீதிமன்றமே முடிவுசெய்கிறது. ஒரு மனிதருக்கு இருப்பது ஓர் ஆயுள்தான் என்பதால் பல ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2016 ஜூலை 19 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. போக்சோ சிறப்புச் சட்டம் என்பதால் பொதுச் சட்டத்தின் கூடுதல் தண்டனை ஒதுங்கிவிடும் என்ற வாதத்தை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடுமையானது எதுவோ அதுவே என்றது. 2019 ஆகஸ்ட் திருத்தத்துக்கு முன் நடந்த குற்றத்துக்கு, திருத்தப்பட்ட தண்டனையை விதிப்பது அரசியல் சாசனத்தின் 20ஆவது கூறுக்கு முரண் என்று 2025 ஜூலையில் தெளிவுபடுத்தியது. ‘இரட்டை ஆயுள்’, ‘மொத்தம் 47 ஆண்டு’ என்று செய்தித்தாள் கூட்டிச்சொல்லும் தொகைக்கும் கைதி உள்ளே இருக்கும் காலத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லாமல் போவது இந்த விதிகளால்தான். ஆக, கூட்டல் கணக்கில் சிக்கல் இல்லை. எந்தத் தொகையிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

அந்தத் தொடக்கத் தொகையை எழுதுபவர் விசாரணை அதிகாரி. விருப்புரிமை இடம்பெயரும் முதல் இடம் இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே, பொதுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றத்தைச் செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது அது. பிரிவு பேசுவது பொதுத் தண்டனைச் சட்டக் குற்றத்தைப் பற்றி. ஒரு தலித் சிறுமிக்கு நேர்ந்த வன்கொடுமையில் குற்றப்பத்திரிகை போக்சோ பிரிவுகளை மட்டும் குறிப்பிட்டு, வல்லுறவுப் பிரிவை விட்டுவிட்டால், ஆயுள் தண்டனைக்கான கதவே திறக்காமல் போகலாம். ஒரு வரியை எழுதுவதா, விடுவதா என்பதில் ஓர் ஆயுள் தொங்குகிறது; ஏன் விட்டீர்கள் என்ற காரணத்தைக் குற்றப்பத்திரிகையில் யாரும் எழுதுவதில்லை. மறுபுறம், 2022 டிசம்பரில் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, இருவரும் விரும்பிப் பழகிய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உயர் நீதிமன்றக் குழுக்களின் அறிவுரையை ஒட்டி வந்த, மனிதாபிமானமுள்ள சுற்றறிக்கை அது. ஆனால், அது ஒப்புக்கொண்ட உண்மையைக் கவனிக்க வேண்டும்: காதலையும் கொடுமையையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நடைமுறையில் காவல் நிலையத்தில் இருக்கிறது. அதே வேறுபாட்டை விழுப்புரம் சிறப்பு நீதிமன்றத்தின் நீதிபதி, முழு விசாரணைக்குப் பிறகு, தண்டனையில் காட்ட முடியாது. தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்கள் என்று குற்றவாளியைக் கேட்பது சட்டப்படி கட்டாயம். அவர் வயதைச் சொல்லலாம், கைக்குழந்தையைச் சொல்லலாம். 20 ஆண்டுக்குக் கீழே போக வழியில்லாத இடத்தில் அந்தக் கேள்வி வெறும் சடங்கு.

விருப்புரிமை போய் ஒளியும் இரண்டாவது இடம், குற்றவாளியா இல்லையா என்ற தீர்ப்பே. 20 ஆண்டா, விடுதலையா என்ற இரண்டே வழிகள் இருக்கும்போது, மனசாட்சியுள்ள நீதிபதி சந்தேகத்தின் பலனைத் தேடுவார். வயதுச் சான்றில் ஓர் ஓட்டை, மருத்துவ அறிக்கையில் ஒரு தயக்கம் கிடைத்தால் போதும். அந்தப் பெண்ணும் தன் பங்குக்குப் பிறழ் சாட்சியாவார். எங்களுக்குள் எதுவுமே நடக்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்வது ஒன்றே குழந்தையின் தகப்பனைக் காப்பாற்ற அவருக்கு இருக்கும் வழி. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரையிலான 7,064 போக்சோ தீர்ப்புகளை ஆராய்ந்த என்ஃபோல்டு அமைப்பு, அவற்றில் 24.3 விழுக்காடு காதல் உறவு சார்ந்தவை என்று கண்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தன. விடுதலைதானே, நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால், பொய்ச் சாட்சியத்தின் மீது எழும் நீதி யாருக்கும் நல்லதல்ல. சிறுமி சாட்சி சொல்ல வந்தாலே மாற்றித்தான் சொல்வாள் என்ற எண்ணம் நீதிமன்ற வளாகத்தில் பழகிப்போனால், உண்மையாகவே சிதைக்கப்பட்ட குழந்தை கூண்டில் ஏறும்போது அவளுடைய சொல்லின் எடையும் குறைகிறது. கடும் தண்டனை யாரைக் காக்க வந்ததோ அவளுக்கே அது இடைஞ்சலாகிறது.

மூன்றாவது இடம் டெல்லியிலுள்ள உச்ச நீதிமன்றம். திருப்பூர் மகளிர் விரைவு நீதிமன்றம் 2018 அக்டோபரில், அக்காள் மகளைக் கருவுறச் செய்த தாய்மாமனுக்குப் போக்சோ 6ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டு கொடுத்தது. 2019 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2022 மே 9 அன்று நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு, இருவரும் திருமணம் செய்து குழந்தைகளோடு வாழ்வதைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்துசெய்தது. மேற்கு வங்க வழக்கொன்றில், 14 வயதில் வீட்டைவிட்டுப் போன பெண்ணின் கணவருக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்துசெய்ய, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளியே என்று திருப்பியது. பின்னர் 2025 மே 23 அன்று அரசியல் சாசனத்தின் 142ஆவது கூறு தரும் சிறப்பு அதிகாரத்தைக் கையிலெடுத்து, தண்டனை ஏதும் விதிக்காமல் விட்டது. குற்றத்தைவிட அதற்குப் பின் நடந்த சட்ட நடவடிக்கைகளே அந்தப் பெண்ணை அதிகம் வதைத்தன என்று, அவருடைய நிலையை ஆராய நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை சொன்னது. இரண்டு உத்தரவுகளும் தம்மை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தாமே சொல்லிக்கொண்டன. இத்தனைக்கும், சட்டம் குறைந்தபட்சம் விதித்திருந்தால் 142ஐக் கொண்டும் அதற்குக் கீழே இறங்க முடியாது என்று 2019 பிப்ரவரியில் இதே உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் வெறும் ஆறு மாதக் குறைந்தபட்சத்துக்காகத் தீர்ப்பளித்திருந்தது. ஆறு மாதத்தில் அசையாத தரை, 20 ஆண்டில் அசைந்திருக்கிறது. வானூர் வட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் விழுப்புரத்தில் தண்டனை பெற்று, சென்னையில் தோற்று, டெல்லிவரை போக வக்கீல் செலவுக்கு எங்கே போவார்?

இந்த டெல்லி வழி இன்னொரு கெடுதலையும் செய்கிறது. இரு வழக்குகளிலும் கதவைத் திறந்தது குடும்பமாக வாழ்கிறார்கள் என்ற நிலை. குற்றம் நடந்தபோது பெண் எப்படி நடத்தப்பட்டார் என்பதைவிட, பின்னால் கட்டிய தாலிக்கு எடை கூடுகிறது. இதன் பாடத்தைக் குடும்பங்கள் உடனே கற்றுக்கொள்ளும்: வழக்கு வந்தால் கல்யாணத்தை முடி. உண்மையில் பலவந்தம் செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து ‘பிரச்சினையை முடிக்கும்’ கட்டைப்பஞ்சாயத்துக்கு இதைவிட வசதியான சட்ட ஆதாரம் கிடைக்காது. தண்டனைக் குறைப்புக்குத் தெளிவான விதி இல்லாத இடத்தில் இரக்கம் இப்படித்தான் தவறான அளவுகோலைப் பிடித்துக்கொள்ளும்.

நீதிபதிகளுக்கு விருப்புரிமை இருந்த காலத்தில் அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்கின்றன, நியாயமான கேள்வி. 1983 முதல் 2013 வரை அந்த விதிவிலக்கு இருந்தபோது, குற்றவாளி இளைஞன், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன், சமரசம் ஆகிவிட்டது என்றெல்லாம் சொல்லித் தண்டனைகள் கரைந்தன. 2013 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு, வல்லுறவு வழக்கில் சமரசம் ஒருபோதும் சிறப்புக் காரணம் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில், கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக ஜாமீன் தரப்பட்டது. எதிர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் கண்டனமும் வந்த பிறகு, ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால், இந்த வரலாற்றிலேயே விடையும் இருக்கிறது. காரணம் எழுதப்பட்டிருந்ததால்தான் அது மோசமான காரணம் என்று நாடு கண்டுகொண்டது. மேல் நீதிமன்றம் திருத்தியது. குற்றப்பத்திரிகையில் விடுபட்ட பிரிவையும், வேண்டுமென்றே தேடிய சந்தேகத்தின் பலனையும் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய விதிவிலக்கின் குறை, அது எல்லையில்லாமல் இருந்தது என்பதே. எதைக் காரணமாக ஏற்கலாம், எதை ஏற்கவே கூடாது என்று சட்டமே எழுதிவைத்திருந்தால் கடலூர் வழக்கில் அப்படி ஓர் உத்தரவுக்கு இடமே இருந்திருக்காது.

தளர்வு கொடுத்தால் குழந்தைத் திருமணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்ற அச்சமும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்த மனைவியுடனான உறவும் வல்லுறவே என்று 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதை அசைக்கக் கூடாது. அதனால்தான், திருமணத்தை ஒரு காரணமாக ஏற்கவே கூடாது என்பது சீர்திருத்தத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். முப்பது வயதுக்காரருக்குப் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டிவைத்த குடும்பத்துக்கு எந்தத் தளர்வும் கிடைக்கக் கூடாது. தண்டனை குறைந்தால் குற்றவாளிகள் துணிந்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு அண்மைத் தீர்ப்புகளே பதில். 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் விதித்தது. இரண்டும் சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தைத் தாண்டிப் போன தண்டனைகள். கொடியவர்களைக் கடுமையாகத் தண்டிக்க நீதிபதிக்கு உச்சவரம்பு போதும். தரைமட்டத்தை உயர்த்திக்கொண்டே போவதால் சிக்குபவர்கள், அந்தத் தரைக்குக் கீழே நிற்க வேண்டியவர்கள்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே போன நாடு அமெரிக்கா. துப்பாக்கி வைத்திருந்ததற்கான கட்டாயத் தண்டனைகளை அங்கே ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், 2004இல் யூட்டா மாநிலத்தில் சிறு அளவில் கஞ்சா விற்ற வெல்டன் ஏஞ்செலோஸ் என்ற இளைஞருக்கு 55 ஆண்டு சிறை விதிக்க நேர்ந்தது. தீர்ப்பளித்த நீதிபதி பால் கேசல், இது அநியாயம் என்று தீர்ப்பிலேயே எழுதி, தண்டனையைக் குறைக்குமாறு அதிபரைக் கேட்டுக்கொண்டார். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்டாயத் தண்டனையின் நீளத்தைக் கருத்தில்கொண்டு மற்றக் குற்றங்களுக்கான தண்டனையை நீதிபதி குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. 2018 டிசம்பரில் இரு கட்சிகளும் சேர்ந்து, முதல் முறை சிக்கியவர்கள் மீது இப்படி அடுக்குவதை நிறுத்தும் சட்டத்தை இயற்றின. கடுமைக்குப் பேர்போன நாடே, பல்லாயிரம் பேரை உள்ளே தள்ளிய பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது.

நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.பார்த்திபன் 2019இலும், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியிலும், வளரிளம் பருவ உறவுகளைப் போக்சோ கையாளும் விதத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த சட்ட ஆணையத்தின் 283ஆவது அறிக்கை, சம்மத வயதைக் குறைக்க மறுத்தது. ஆனால், 16 முதல் 18 வயதுவரையிலானவர்களின் மறைமுகமான இசைவு இருந்த வழக்குகளில், வழிகாட்டப்பட்ட விருப்புரிமையைத் தண்டனையில் நீதிபதிக்குத் தரலாம் என்றது. வயதைக் குறைப்பதா கூடாதா என்ற பெரிய சண்டையில் இந்தச் சிறிய, செய்யக்கூடிய பரிந்துரை காணாமல் போயிற்று. செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, போக்சோ 42ஆம் பிரிவுக்கு ஒரு வரம்புரை: பெண்ணுக்கு 16 முடிந்திருந்து, வயது வித்தியாசம் மூன்று ஆண்டுக்குள் இருந்து, பலவந்தம், மிரட்டல், அதிகாரம் எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், எந்தச் சட்டத்தின் குறைந்தபட்சத்துக்கும் கீழே போகலாம், திருமணம், சமரசம், சாதி, பணம் ஆகியவை காரணமாகக் கூடாது, காரணம் எழுதப்பட வேண்டும், அதை எதிர்த்து அரசும் பாதிக்கப்பட்டவரும் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவது, அத்தகைய வழக்கில் ‘ஒருமுறைக்கு மேல்’, ‘கருவுறுதல்’ என்ற உட்பிரிவுகள் தாமாகவே 20 ஆண்டுக்கு இட்டுச்செல்லக் கூடாது. மூன்றாவது, பொருந்தக்கூடிய ஒரு பிரிவை விட்டால் ஏன் விட்டோம் என்று விசாரணை அதிகாரி குற்றப்பத்திரிகையிலேயே எழுத வேண்டும். வன்கொடுமைப் பிரிவுகளுக்கு இது மிக அவசியம்.

இதற்கு நாடாளுமன்றம்தான் வழி என்று தமிழ்நாடு கைகட்டி நிற்கவும் தேவையில்லை. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 14 ஆண்டு என்று எழுத 2025 ஜனவரியில் சட்டமன்றத்துக்கு இருந்த அதிகாரமே, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு இந்த வரம்புரையை எழுதவும் போதும். தண்டனையை உயர்த்தும் மசோதா இரண்டு நாளில் நிறைவேறுகிறது. அதை எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. உயர்த்தப்பட்ட தண்டனை யார்மீது விழும் என்று கேட்டு, அந்தப் பதிலுக்குத் தக்கபடி சட்டத்தை எழுதுவது கடினமான வேலை. சட்டமன்றம் இருப்பதே அந்த வேலைக்காகத்தான்.